அக்கரைப்பற்றுல எங்க சாப்பிடலாம்?

போன செமஸ்டர் லீவுக்கு, பேராதனையில எங்களோட படிக்கிற ஆறு பேர் அறுகம்பே பார்க்க வெளிக்கிட்டார்கள். யாழ்ப்பாணம், மாவனல்லை, குருநாகல், ஹட்டன் என்று ஆளுக்கொரு பக்கத்து ஆக்கள். அதில ஒருத்தன் வாட்ஸ்அப் குறூப்பில ஒரு கேள்வி போட்டான்: "மச்சான், போற வழியில அக்கரைப்பற்றுல இறங்கிச் சாப்பிடப் போறம். கொத்து, பிரைட் ரைஸ் வேணாம். உங்கட ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்?"

நாங்கள் ஐந்து பேர். மூன்று பொடியன்கள், இரண்டு பொம்புளப் பிள்ளைகள். எல்லாரும் கலைப்பீடம். எல்லாருக்கும் ஊர் அக்கரைப்பற்று, இல்லாட்டி அதுக்குப் பக்கத்தில. பிறந்ததில இருந்து இந்த மண்ணுலதான் சோறு தின்னுறம். ஆனால் அந்தக் கேள்விக்கு அரை மணித்தியாலமாக ஒருத்தரும் பதில் போடல்ல. கடைசியில எங்கள்ல ஒருத்தி எழுதினாள்: "எங்கட வீட்டுக்கு வாங்க."

அந்த ஆறு பேருக்கு அது போதும். ஏழாவதாக ஒரு ஆள், இந்த ஊரில ஆரையும் தெரியாமல் பஸ்ஸால இறங்குகிற ஆள், அவருக்கு என்ன சொல்றது?

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில நின்று கடைப் பலகைகளை வாசித்துப் பாருங்கள். பிரைட் ரைஸ், நாசிகோரெங், ஷவர்மா, பேர்கர், சப்மரின், கொத்து. இதையெல்லாம் நாங்கள் பழிக்க வரவில்லை. மாசக் கடைசியில கையில காசு இருந்தால் நாங்களும் அங்கதான் இருப்போம். கொத்து ரொட்டி இந்தக் கிழக்குக் கரையில பிறந்த சாப்பாடு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அதனால அதை வேணாம் என்று சொன்ன நண்பனுக்கு நாங்கள் முதலில ஒரு சின்ன விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. ஆனால் எங்கட வீட்டுக் குசினியில கிழமைக்கு நாலு தரம் கொதிக்கிற புளியாணம் எந்தப் பலகையிலும் இல்லை. பாலாணம் இல்லை. முருங்கையிலைச் சுண்டல் இல்லை. புட்டும் எருமைத் தயிரும் இல்லை.

அதனால ஒரு முடிவெடுத்தோம். அவர்கள் வர இன்னும் ஒரு கிழமை இருந்தது. இரண்டு நாள், ஒரு பைக், ஒரு ஸ்கூட்டி, இன்னொருத்தனுடைய மாமாட ஓட்டோ. கல்முனையில இருந்து பொத்துவில் வரைக்கும் கிட்டத்தட்ட 70 கிலோமீற்றர். இரண்டே இரண்டு சட்டம். ஒன்று, எங்கட உம்மாமார் பார்த்தால் "இது நம்மட சாப்பாடு" என்று சொல்ல வேணும். இரண்டு, முன்பின் தெரியாத ஒரு ஆள் காசு கொடுத்து அதை வாங்கக் கூடியதாக இருக்க வேணும். சொந்தக்காரர் வீட்டு விருந்து கணக்கில இல்லை.

முதல் நாள் சுபஹுத் தொழுகை முடிந்த கையோட இறங்கினோம். அந்த நேரத்தில ஊர் வேற மாதிரி இருக்கிறது. கடைகள் பூட்டு. ஆனால் உள்ளொழுங்கைகளில சில வீட்டு வாசல்களில ஒரு பல்ப் எரிகிறது. பலகை இல்லை, பேர் இல்லை. கேற் கொஞ்சம் திறந்திருக்கும், உள்ளே விறகடுப்பு, வரிசையாக அப்பச்சட்டிகள். சின்னப் பிள்ளைகள் சட்டியும் கையுமாக நிற்கிறார்கள். அப்பம், முட்டை அப்பம், இடியப்பம், கட்டைச் சம்பல், ஒரு தண்ணிப் பாலாணம். ஏழு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிடும். பல்ப் அணைந்துவிடும். எட்டு மணிக்கு அதே ஒழுங்கையால போகிறவருக்கு அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை இருந்ததற்கு ஒரு தடயமும் கிடையாது.

ஒரு ராத்தாவிடம் கேட்டோம், பலகை போட்டால் என்ன என்று. சட்டியைச் சுழற்றிக்கொண்டே சொன்னா: "பலகை போட்டா கடையாப் போயிரும். இது கடையில்ல, சும்மா செய்யிற." ஒரு அப்பம் 30 ரூபா. 2022இல் காஸ் இல்லாமல் போனபோது விறகுக்கு மாறினவ, திரும்பிக் காஸுக்குப் போகவில்லை. தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டிய காலத்தில ஆணத்தில தண்ணியைக் கூட்டினா, அப்பத்தில கை வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இரவில மாப் புளிக்க வைத்து, விடியப்பறம் மூன்று மணிக்கு எழும்புகிற வேலைக்கு "சும்மா செய்யிற" என்று பேர். அந்த வார்த்தை எங்களோட அன்று முழுக்க வந்தது.

கல்முனையில மீன் பார்த்தோம். கரைவலை இழுக்கிற காலத்தில கீரியும் சூடையும் நெத்தலியும் கரையிலேயே விற்றுப் போகும். பாரையும் வளையாவும் சந்தைக்கு வரும். சோத்துக் கடையில மீன் கேட்டால் ஒரு துண்டு பொரியல் கிடைக்கிறது, அல்லது மிளகாய்த்தூள் தூக்கலான ஒரு குழம்பு. புளி கரைத்து, வெந்தயம் போட்டு, தேங்காய்ப்பால் கடைசியில ஊற்றி இறக்குகிற மீனாணம் எங்கே என்று விசாரித்தோம். ஒரு ஹோட்டல் முதலாளி சிரித்தார்: "தம்பி, அது வீட்டுல தின்னுற சாமான். வீட்டுல தின்னுறத ஆர் கடைக்கு வந்து காசு குடுத்துத் தின்னுற?" அவர் சொன்னதில ஒரு நியாயம் இருந்தது. கடையை நம்பியிருப்பது ஊர்க்காரன், ஊர்க்காரன் கடைக்கு வருவது வீட்டில கிடைக்காததைத் தின்ன. அப்படிப் பார்த்தால் வெளியூரான் பசியோட இறங்கிறபோது அவனுக்குக் கிடைப்பது எங்கட ஊரின் ஆசை, எங்கட ஊரின் சாப்பாடு அல்ல.

அங்கேதான் எங்கட பொம்புளப் பிள்ளைகள் இருவரும் ஒரு விசயம் சொன்னார்கள். அந்த ஹோட்டலில அவர்களை உள்ளே திரை போட்ட பெமிலி ரூமுக்கு அனுப்பினார்கள். மின்விசிறி வேலை செய்யாத ஒரு சின்ன அறை. "நீங்க 'எங்க சாப்பிடலாம்' எண்டு கேக்கிறீங்க. எங்களுக்கு அதுக்கு முன்னால இன்னொரு கேள்வி இருக்கு, எங்க இருந்து சாப்பிடலாம்?" இருபது வருசமாக அதே ஹோட்டல்களில முன் மேசையில இருந்து தின்ற எங்களில மூன்று பேர் அதை யோசித்ததே இல்லை.

காரைதீவில ஒரு சைவக் கடையில தோசையும் வடையும். அங்கே திரை இல்லை, ஐந்து பேரும் ஒரே மேசையில இருந்தோம். நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை என்று திரும்பி வந்தோம். இந்த றோட்டால போகிறவர்கள் ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் வயலையும் விட்டு விட்டுப் பார்க்கலாம். 1949இல் தொடங்கின கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் பாய்கிற வயல்கள் அந்தப் பக்கம் கிடக்கின்றன. நாட்டுக்கே அரிசி கொடுக்கிற மாவட்டம் இது. ஆனால் கடைகளில கேட்டால் சோறென்றால் பாஸ்மதி. சிவப்புப் பச்சையில அவித்த புட்டைக் கடைசியில ஆலையடிவேம்பில, ஒரு தமிழ் அம்மாவின் வீட்டு முன் மேசையில கண்டோம்.

கிழக்கில தமிழரும் முஸ்லிமும் புட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி என்று மேடையில பேசாத அரசியல்வாதி இல்லை. அக்கரைப்பற்றுக்கும் ஆலையடிவேம்புக்கும் நடுவில ஒரு றோட்டுத்தான். அந்த றோட்டில என்னவெல்லாம் நடந்தது என்று எங்கட வீட்டுப் பெரியவர்களும் அந்த அம்மாட வீட்டுப் பெரியவர்களும் வேற வேற மாதிரிச் சொல்வார்கள். ஆனால் புட்டுக் குழலுக்கு அந்த உவமை உண்மையாகவே தெரியும். ஒரு பிடி மா, ஒரு பிடி தேங்காய்ப்பூ, திரும்ப ஒரு பிடி மா. கலந்து குழைத்துவிட்டால் அது புட்டில்லை. அந்த அம்மா எங்கட பொம்புளப் பிள்ளைகளின் பர்தாவைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சொன்னா: "மரக்கறி ஆணந்தான் புள்ள, பயப்பிடாமச் சாப்பிடுங்க." அவ "ஆணம்" என்ற எங்கட சொல்லை எடுத்ததைக் கவனித்தோம்.

புட்டுக்குத் தயிர். தயிருக்கு எருமை. அக்கரைப்பற்றுக்கு மேற்கே வட்டமடுப் பக்கம் பட்டி வைத்திருப்பவர்களின் பால்தான் மண்சட்டியில உறைந்து றோட்டுக் கரைக்கு வருகிறது. அந்த மேய்ச்சல் தரை பண்ணையாளர்களுக்கா வேளாண்மைக்காரர்களுக்கா என்ற இழுபறி எங்கட வயதைவிடப் பழையது. சட்டியை மெல்லச் சரித்தாலும் தயிர் அசையக் கூடாது, அதுதான் பரிசோதனை. சீனியும் வாழைப்பழமும் பிசைந்து புட்டோட தின்னுங்கள். வெளியூர் ஆளுக்கு நாங்கள் தைரியமாகக் கைகாட்டக் கூடிய முதல் சாமான் இதுதான், ஏனென்றால் தயிர்ச் சட்டி மட்டுந்தான் பகல் வெளிச்சத்தில றோட்டுக் கரையில வந்து நிற்கிறது.

இரண்டாம் நாள் தெற்கே. தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி கடந்து பொத்துவில், அங்கிருந்து உல்லை. அறுகம்பே என்று உலகம் சொல்கிற இடத்துக்கு எங்கட ஆக்கள் சொல்கிற பேர் உல்லை. அலைச் சறுக்குக் காலத்தில, சித்திரையில இருந்து ஐப்பசி வரை, அங்கே எந்த நாட்டுச் சாப்பாடும் கிடைக்கும். பீட்சா, பேன்கேக், ஹம்முஸ், அவகாடோ வைத்த பாண். மெனுக் கார்டின் கடைசிப் பக்கத்தில "ரைஸ் அன்ட் கறி" என்று ஒரு வரி. கேட்டால் பருப்பும் கோழியும், உறைப்பே இல்லாமல். அதைச் சமைக்கிற பொடியன் பொத்துவில்காரன். அவனிடம் கேட்டோம், "நீங்க பகலைக்கு என்ன சாப்பிடுவீங்க?" வீட்டில இருந்து கட்டி வந்த பார்சலை எடுத்துக் காட்டினான். லஞ்ச் ஷீட்டுக்குள்ள சோறு, கணவாய்ப் பிரட்டல், கீரைச் சுண்டல், மாசிச் சம்பல். அந்தக் கடையில இருந்த ஒரேயொரு ஊர்ச் சாப்பாடு விற்பனைக்கு இல்லை.

திரும்பி வரும்போது கோமாரிக்குக் கிட்ட ஓட்டோவை நிறுத்தி இந்தக் கணக்கைப் போட்டோம். இரண்டு நாளும் எங்களுக்குக் கிடைத்த உண்மையான ஊர்ச் சாப்பாடு எல்லாம் பொம்புளைகளின் கையால வந்தது. ஒன்றுக்கும் பலகை இல்லை. பலகை இருந்த இடமெல்லாம் ஆம்புளைகளின் கடை.

இது சும்மா நடந்ததில்லை. எங்கட பக்கத்தில குடி தாய்வழியால வருகிறது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். வீடு சீதனமாகப் பெண்ணின் பேரில எழுதப்படும். அக்கரைப்பற்றில பல வருசம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வந்த தன்னுடைய பெரிய புத்தகத்தில இதையெல்லாம் விளக்கமாக எழுதியிருக்கிறார். நாங்களும் டியூட்டோரியலில பெருமையாகப் பேசியிருக்கிறோம், "எங்கட ஊருல வீடு பொம்புளைட." சரி. வீடு அவட. குசினி அவட. ஆனால் வாசலைத் தாண்டி றோட்டில ஒரு பலகை நட்டால் அது ஆர்ட? அங்கே வந்ததும் எல்லாரும், "அவட புருசனுக்கு உழைக்க ஏலாதோ" என்று கேட்பார்கள்.

இதை எழுதுகிற எங்களில ஒருவனுக்கு அந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் அவனுடைய வாப்பாட தோணியும் வலையும் போனது. வீட்டின் பாதியும் போனது. அவன் அப்போது கைக்குழந்தை. முகாமில இருந்து திரும்பி வந்த உம்மா, கடனுக்கு வாங்கின நாலு அப்பச்சட்டியோட தொடங்கினா. இருபது வருசம். அவனுடைய ராத்தாட கலியாணம், அவனுடைய ஏ.எல். டியூஷன், பேராதனைக்கு மாசம் மாசம் வருகிற காசு, எல்லாம் அந்த அப்பச்சட்டியில இருந்து. முதலாம் வருசத்தில பெட்ச் பொடியன்கள் "உம்மா என்ன செய்யிறாங்க?" என்று கேட்டபோது அவன், "சும்மா வீட்டுலதான்" என்றான். இந்த இரண்டு நாளும் நாங்கள் எத்தனையோ வாசலில நின்றோம். அவனுடைய வீட்டு ஒழுங்கையால மட்டும் ஓட்டோவைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். கோமாரியில அதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் ஒருத்தரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி சொன்னாள்: "முதல் நாள் அந்த ராத்தா சொன்னதும் அதே 'சும்மா'தான்."

யாழ்ப்பாணத்துக்குப் போன நேரம் திருநெல்வேலி அம்மாச்சியில நாங்கள் எல்லாரும் சாப்பிட்டிருக்கிறோம். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில பெண்கள் நடத்துகிற உணவகம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கூட இருக்கிறது. கண்ணுக்கு முன்னால தோசை ஊற்றுவார்கள், குரக்கன் புட்டு இருக்கும், இலைக்கஞ்சி இருக்கும், விலை கை கடிக்காது. பஸ்ஸால இறங்குகிற அந்த ஏழாவது ஆளுக்கு யாழ்ப்பாணத்தில பதில் இருக்கிறது. உலகத்தின் மற்றப் பக்கம், பெருநாட்டின் அரெகிபா நகரத்திலும் இப்படி ஒன்று உண்டு. பிகன்டேரியா என்று பேர். பெண்கள் தலைமுறை தலைமுறையாக விறகடுப்பும் அம்மியும் வைத்து நடத்துகிற பகல் சாப்பாட்டுக் கடைகள். லிமாவின் சென்ட்ரல் என்ற உணவகம் 2023இல் உலகத்தின் முதலாம் இடத்தை எடுத்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த நாடு 2014இல் இந்த அடுப்படிக் கடைகளையும் தேசத்தின் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. எங்களுக்கு அறிவிப்பு வேண்டாம். ஒரு கூரை, ஒரு தண்ணிக் குழாய், ஆணும் பெண்ணும் இருக்கக் கூடிய நாலு மேசை, "இது கடைதான்" என்று சொல்லக் கூடிய ஒரு தைரியம் போதும்.

நண்பர்கள் வந்தார்கள். இரவு பஸ், விடிய ஐந்தேமுக்காலுக்கு இறங்கினார்கள். எங்கள்ல ஒருவன் அவர்களை நேராகத் தன் ஒழுங்கைக்குக் கூட்டிப் போனான். பல்ப் எரிந்துகொண்டிருந்தது. உம்மா பதறிப் போனா. "என்ன மகன், சொல்லாமக் கொள்ளாம! இந்தக் கோலத்துல..." என்று முந்தானையை இழுத்துத் தலையில போட்டா. ஆறு பேரும் வாசல் பாயில இருந்து முப்பத்தெட்டு அப்பம் தின்றார்கள். ஹட்டன்காரி சம்பலை வழித்து நக்கினாள்.

சண்டை காசில வந்தது. உம்மா வாங்க மாட்டேன் என்று நின்றா. "புள்ளைட கூட்டாளிமாரு. ஊட்டுக்கு வந்த ஆக்களுக்கிட்டக் காசு வாங்கிற வழமை எங்களுக்கு இல்ல." அவன் சொன்னான்: "உம்மா, இவங்க ஊட்டுக்கு வரல்ல. கடைக்கு வந்தவங்க." கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றா. கோபமா, அழுகையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு கையைத் துடைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தா. ஒரு அப்பத்துக்கும் விலை குறைக்கவில்லை. ஆனால் முட்டை அப்பம் நாலுக்குக் காசு எடுக்கவில்லை. அது விருந்தாம்.

ஆகவே, கேள்விக்குப் பதில். அக்கரைப்பற்றுல எங்க சாப்பிடலாம்?

விடிய ஆறு மணிக்கு முன்னால உள்ளொழுங்கையில பல்ப் எரிகிற வாசலைத் தேடுங்கள். பள்ளியால வருகிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் கைகாட்டுவார். சட்டி கொண்டு போங்கள், இல்லாட்டி நின்று தின்னுங்கள். புட்டுக்கு ஆலையடிவேம்பு. தயிருக்கு றோட்டுக்கரை. வெள்ளிக்கிழமை பகல் என்றால் புரியாணி கேளுங்கள், அன்றைக்கு எல்லாக் கடையிலும் கை நன்றாக இருக்கும். நோன்பு காலம் என்றால் அஸருக்குப் பிறகு பள்ளிக் கஞ்சி, ஆர் எவர் என்று கேட்காமல் ஊற்றுவார்கள். கல்முனை கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றக் காலத்தில வந்தால் கடைசி நாள் கந்தூரியை விடாதீர்கள். கலியாண வீட்டில சஹனில இருக்கச் சொன்னால் வெட்கப்படாமல் இருங்கள். ஐந்தாறு பேர் ஒரே தட்டில கை வைக்கிற சாப்பாட்டில உங்களுக்கு முன்னால உள்ளதை மட்டும் தின்ன வேணும், நல்ல இறைச்சித் துண்டை மற்றவர் பக்கம் தள்ளிவிட வேணும். வேற சட்டம் இல்லை.

வாசலில சாப்பிட்டால் கேட்ட காசைக் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள். போய் நாலு பேரிடம் சொல்லும்போது "ஒரு வீட்டுல சாப்பிட்டம்" என்று சொல்லாதீர்கள். "ஒரு கடையில சாப்பிட்டம்" என்று சொல்லுங்கள்.

அந்த வாசலில இன்னும் பலகை இல்லை. கேட்டுப் பார்த்தோம். "பார்ப்பம்" என்றா. முன்பு அந்தக் கேள்விக்கு அவ சிரிக்க மட்டுந்தான் செய்வா.